அவவின்ர பேரில திறந்திருந்த கம்பியூட்டர்

மூண்டு வருசத்துக்கு முதல், திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சரக்குக் கம்பனியில கம்பியூட்டர்களைப் பார்க்கிற வேலை எனக்கு. அண்டைக்கு வந்த கோபம் இண்டைக்கும் ஆறேல்ல.

எல்லாருக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட் குடுத்தனான். ஆர் பாவிச்சது? மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானில இருந்து வேளைக்கே வாற ஒரு பிள்ளை, தன்ர பேரில முன் கம்பியூட்டரைத் திறந்து வைப்பா. பின்னேரம் வரைக்கும் வாறவன் போறவன் எல்லாம் அதிலதான் வேலை. அவவுக்குத் தற்காலிக வேலை, அந்த மாசம்தான் நிரந்தரமாக்கிறதெண்டு கதை. பொது ஃபோல்டரில பார்க்க மட்டும் விடவேண்டிய ஆக்களுக்கும் அழிக்கிற அனுமதியை நானே குடுத்து வைச்சிருந்தன். இல்லாட்டி நாளுக்குப் பத்துத் தரம் கூப்பிடுவாங்கள். வேறென்ன, சோம்பல்.

ஒரு திங்கக்கிழமை காலமை, கப்பல் பத்திரங்கள் கிடந்த ஃபோல்டரைக் காணேல்ல. ஆர் அழிச்சதெண்டு சேர்வரில பதிவு இருக்கும், பார்த்தன். வெள்ளிக்கிழமை நாலரைக்கு, அந்தப் பிள்ளையின்ர பேரில. எனக்குத் தலைக்கேறிட்டுது. முழு ஒபீசுக்கும் முன்னால நிக்க வைச்சு ஏசினன். மனேஜர் இனி வேலைக்கு வரவேண்டாமெண்டிட்டார்.

"நான் நாலு மணிக்கே மூதூர் பஸ்ஸுக்குப் போனனான், சேர். கம்பியூட்டரை நிப்பாட்டாமல் போகச் சொன்னது நீங்கள்தானே?" எண்டா.

சாட்டுச் சொல்லாதீங்கோ எண்டு கத்திப்போட்டு வந்து கதிரையில இருந்தன். இருந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை சேர்வரில இடம் காணாதெண்டு, அவவின்ர கம்பியூட்டரில இருந்து பழசுகளை அழிச்சது நான். அதுகளோட அந்த ஃபோல்டரும் போயிருக்கு. என்னையே செருப்பால அடிக்கோணும் போல இருந்தது.

மனேஜரின்ர அறைக்குப் போய், கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னன். அவவின்ர வேலை தப்பிச்சுது. பத்திரங்களில பிரதி எடுத்து வைச்சது பாதிதான், மிச்சத்தை அவவே இருந்து திரும்ப டைப் அடிச்சா. தேத்தண்ணி ஊத்திற குசினிப் பக்கம் அவவைத் தனியக் கண்டு மன்னிப்புக் கேட்டன்.

"மற்றாக்களுக்கும் சொல்லுவீங்களோ, சேர்?"

ஓம் எண்டன். சொல்லேல்ல.

அடுத்த நாளே அனுமதி எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டினன், அதில ஒரு குறையும் இல்லை. அவவும் நிரந்தரமாகிட்டா. ஆனா இப்பவும் ஏதும் ஃபைல் காணாமல் போனா ரெண்டு மூண்டு பேர் அவவைத்தான் திரும்பிப் பார்க்கினம். அதைக் காணேக்க எனக்குப் பத்திக்கொண்டு வரும், அவையளில இல்லை, எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டுக் கதவைச் சாத்தி உண்மையைச் சொன்ன என்னில.