மாமாவின் தோணிச் சாவி

என் கழுத்தில், கறுப்பு நூலில், ஒரு சிறிய பித்தளைச் சாவி கிடக்கிறது. அதனால் திறக்கக்கூடியது வாவிக்கரையில் சங்கிலியால் கட்டியிருக்கும் ஒரு தோணியின் பூட்டு மட்டும்தான். ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்கு நடுவே நிற்கும்போதும் அடிக்கடி சட்டைக்கு மேலாக அதைத் தொட்டுப் பார்ப்பேன். இருந்தால் மூச்சு வரும்.

தோணி என் அம்மாவின் தம்பியுடையது. சின்ன வயதில் மழைக்காலத்தில் தெரு மூழ்கினால், மாமாதான் அந்தத் தோணியில் என்னை அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான அன்று, இறங்குதுறையில் நின்ற எல்லாரிடமும், "என்ட மருமகள் கெம்பஸ் போறாள். இனி மீன் வாங்க வாறவன் மரியாதையாப் பேசோணும்" என்று சொல்லிச் சிரித்தவர். அந்தப் பெருமையை நான் இன்றும் கீழே வைக்கவில்லை.

போன மழைக்கு முன்பு ஒரு நாள் தோணி கவிழ்ந்து, மாமா தன் வலையிலேயே சிக்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். பக்கத்தில் மீன் பிடித்தவர்கள் இழுத்துக் கரையேற்றியபோது மூச்சு இல்லை. நெஞ்சை அமுக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எப்படியோ மீட்டார்கள். அவர் வீடு திரும்பிய அன்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தா. மாமா எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தார். தன் கலியாணத்தில் பந்தல் சரிந்த கதையைப் பிழையில்லாமல் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணியோடு வந்தேன். அவர் முகம் மலர்ந்து, "எப்ப மனே வந்த?" என்று கேட்டார். காலையில் இருந்து அவர் பக்கத்தில்தான் இருந்தேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். காதுகளின் மட்டத்தில், தலைக்குள் ஆழத்தில், மூளையின் இரு பக்கமும் வளைந்து கிடக்கும் ஹிப்போகம்பஸ் என்ற சிறு பகுதியை நுணுக்குக்காட்டியில் முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. முக்கோண உடல் கொண்ட நரம்புக் கலங்கள், ஊதாச் சாயம் ஏறி, ஒரே வளைவில் நெருக்கமாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வேர்போலக் கிளைகள். கிளை முழுதும் நுண்ணிய முட்கள். அடுத்த கலத்தின் செய்தி வந்து சேர்வது அந்த முட்களில்தான். திரும்பத் திரும்ப வந்தால் இணைப்பு உறுதிப்படும். இன்று கண்டது நாளைக்கும் மிஞ்சுவது அப்படித்தான். ஓர் இடத்துக்குப் போனால் மட்டும் துடிக்கும் கலங்களும் அங்கே உண்டு. புதிய வழியை மனதில் வரைபவை அவை. மூச்சு நின்றால் மூளையில் முதலில் சாகும் கலங்களும் அங்கேதான் இருக்கின்றன. பழைய நினைவுகள் வேறு இடங்களில் ஊன்றிவிட்டதால் பந்தல் சரிந்த கதைக்குச் சேதமில்லை.

புதியது எதுவும் இனி மாமாவுக்குள் தங்காது என்று வீட்டில் சொன்னேன். "படிச்ச புள்ளைக்கு எல்லாம் நோயாத்தான் தெரியும்" என்று அம்மா வாயை அடைத்தா. மாமா மறுபடி தொழிலுக்குப் போனார். பழைய வாவி அவருக்குள் அப்படியே இருந்ததால் வழி தவறவில்லை. ஆனால் மழை வந்தது. வட்டை என்ற வயல்வெளிகளில் பயிர் மூழ்கத் தொடங்க, முகத்துவாரத்து மணல் மேட்டை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். காலையில் அந்த வெட்டைப் பார்த்த கூட்டத்தில் மாமாவும் நின்றார். பின்னேரம் வலையோடு தோணியில் ஏறினார். பயந்து நானும் ஏறிக்கொண்டேன்.

தோணியை நேராக முகத்துவாரத்துப் பக்கம் விட்டார்.

"மாமா, அங்கால வேணாம். வெட்டித்தாங்க."

"ஆரு சொன்ன? என்னைக் கேக்காம வெட்டுவானுகளா?"

"காலம நீங்களும் நிண்டு பார்த்தீங்க மாமா!"

"உனக்குக் கெம்பஸ்ல பகிடியும் படிப்பிச்சவனுகளா மனே?"

அவர் சிரித்து முடிப்பதற்குள் தோணி தானாக ஓடத் தொடங்கியது. முன்னால் மண்ணிறத் தண்ணீர் நுரைத்துக் கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. நான் அலறினேன். மாமாவின் கை மட்டும் தடுமாறவில்லை. கம்பை ஊன்றி, தோணியைத் திருப்பி, கண்டல் வேர்களுக்குள் செருகினார். கைப்பழக்கத்தைக் காக்கும் கலங்கள் வேறு, அவை பிழைத்திருந்தன. கரையில் உட்கார்ந்து, "வெட்டித்தானுகளே!" என்று நெடுநேரம் நடுங்கினார். பிறகு நான் உடுப்பைப் பிழிந்துகொண்டு திரும்பியபோது, வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் வெட்டாம இருக்கானுகள் மனே. வட்டை எல்லாம் தாழப் போகுது."

அன்றுதான் சங்கிலியும் பூட்டும் வாங்கினேன். பிறகு எடுத்த மூளைப் படம் என் பயத்தை உறுதிப்படுத்தியது. அம்மா இப்போது என்னை மறுப்பதில்லை.

மாமாவுக்கோ ஒவ்வொரு காலையும் அந்தப் பூட்டு புதியது. "ஆரு மனே பூட்டின?" என்பார். ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்து அழுதார். மறுநாள் அதே கேள்வி, அதே உண்மை, அதே அழுகை. அதன் பிறகு, "களவு கூடித்து மாமா, நான்தான் பூட்டின" என்கிறேன். "என்ட தோணிய எவன் தொடுவான்?" என்று சிரிக்கிறார்.

நேற்றும் சிரித்தார். நான் வேலைக்குப் போகப் படலையைத் திறந்தேன். ஏனோ திரும்பிப் பார்த்தேன். மாமா பக்கத்து வீட்டுக்காரரின் தோணியருகே குந்தியிருந்தார். அதைக் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். அவருடைய விரல்கள், அவரிடம் எதையும் கேட்காமல், முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தன. சாவி நெஞ்சில் அடிக்க அடிக்க நான் கரையை நோக்கி ஓடினேன்.