‘பிளீஸ் ஹேவ் சம் மோர்’: பசறை லயத்துக்கு வந்த லக்னோ சம்பந்திகள்

இலங்கையில் ஊவா மலைப்பக்கம் சுற்றுலா போகிறவர்கள் எல்ல ஊரின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போன ஆகஸ்டில் இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு போனது, பசறைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் லய வரிசை வீடொன்றில் இருக்கும் என் அக்கா செல்வராணிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. சிரிக்காதீர்கள், விஷயம் பெரிசு.

அக்கா மகன் டொமினிக்குக்கு டோஹாவில் ஹோட்டல் வேலை. கூட வேலை செய்த லக்னோப் பெண் நேஹாவை அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம் மகளோடு பேசவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, பையன் வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இலங்கைக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் லீவு கிடைக்கவில்லை. வருகிறவர்களுக்கு இந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். அக்காவுக்குத் தமிழும் சிங்களமும். “அவங்க மூஞ்சி சுளிச்சிட்டுப் போனா அந்தப் புள்ள வாழ்க்கை என்னாகும் தம்பி? நீ வந்துரு” என்று போனில் அழாத குறை.

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்குப் பதுளை பஸ். சுமார் 230 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலத்துக்கு மேல். ஹல்துமுல்லை தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்து, எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. பதுளையில் பசறை பஸ் பிடித்தால் இன்னும் இருபது கிலோமீற்றர், ஐம்பது நிமிடம். பசறை டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர்தான், ஆட்டோக்காரர் 700 ரூபாய் கேட்டார். அநியாயம் என்றேன். “ரோட்டப் பாத்துட்டு அப்புறம் பேரம் பேசுங்க சார்” என்றார். ரோட்டைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு 700 கொடுத்தேன்.

இரண்டு வாரமாகப் போனில் நான் சொன்னதை அக்கா ஒரு கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தாள். ‘வெல்கம் டு அவர் ஹோம்.’ ‘பிளீஸ் சிட் டவுன்.’ ‘டோன்ட் பி ஷை.’ ‘பிளீஸ் ஹேவ் சம் மோர்.’ காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாளாம், கங்காணி வேலை கொடுப்பதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடுமாம். அன்று ராத்திரி நான் கேட்ட எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். மச்சான் ‘வெல்கம்’ மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு எல்லயிலிருந்து வேன் வந்தது. பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட கிளார்க், ஒல்லியான மனுஷன். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பயந்த மாதிரி நின்றார். அக்கா ஒரு பிழை விடாமல் வெல்கம் சொன்னாள், உட்காரச் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு தேத்தண்ணி வந்தது.

பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “நோ, நோ. தேங்க்யூ.”

“டோன்ட் பி ஷை” என்றாள் அக்கா. மறுபடி நோ. அவர்கள் சைவம் என்று நேஹா முன்பே சொல்லியிருந்ததால் வடை, ரொட்டி, சம்பல், கேசரி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். ஒன்றையும் தொடவில்லை. ஒரு வாய் சாப்பிடாதவர்களிடம் பதற்றத்தில் “பிளீஸ் ஹேவ் சம் மோர்” என்றும் சொல்லிப் பார்த்தாள். அந்த அம்மா பையைத் திறந்து, கொண்டுவந்த போத்தல் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான், அக்கா குசினிக்குள் போய்விட்டாள்.

“லயத்துத் தண்ணி எறங்காதாம், பாத்தியா? நம்ம அம்மாவுக்கு டவுன் வீட்டுல செரட்டையில தண்ணி ஊத்துனாங்க. இப்ப என் வீட்டுக்குள்ளயே வந்து...” சொல்லி முடிக்காமல் அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் தானாக வரும். நேரே போய், “வொய் நோ டீ? திஸ் ஹவுஸ் நாட் குட்?” என்று கேட்டேவிட்டேன். மனுஷன் பதறி எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நோ, நோ! வெரி குட் ஹவுஸ். டாட்டர்ஸ் ஹவுஸ்! டாட்டர்ஸ் ஹவுஸ், ஃபாதர் மதர் நோ வாட்டர், நோ ஃபுட். அவர் கஸ்டம்.”

பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெற்றவர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களாம். அது அவர்கள் வழக்கம். இதைத் தங்கள் மகள் வீடு என்று மனசார ஏற்றுக்கொண்டதால்தான் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள்! நான் குசினிக்கு ஓடினேன்.

அக்காவிடம் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அட ஆண்டவரே, இத மொதல்லயே சொன்னா என்னா கொறஞ்சிருமாம்!” என்று சிரிப்பும் அழுகையுமாக நின்றவள், சட்டென்று கேட்டாள். “பக்கத்து வீட்டுக் காம்பராவுல குடிப்பாங்களான்னு கேளு.”

கேட்டேன். அவர் மனைவியிடம் இந்தியில் பேசிவிட்டுச் சிரித்தார். “மை கிராண்ட்ஃபாதர், ஹோல் வில்லேஜ் நோ வாட்டர். மீ, நெய்பர் ஓகே.” தாத்தா மகளைக் கொடுத்த ஊரிலேயே தண்ணீர் குடிக்க மாட்டாராம், இவருக்குப் பக்கத்து வீடு பரவாயில்லையாம்.

பக்கத்துக் காம்பரா பிலோமினா அக்கா அலறிவிட்டார். “ஐயையோ, என் வீடா? தொவைச்ச துணியெல்லாம் அப்படியே கெடக்கு! எனக்கு இங்கிலீசும் தெரியாதே!” அக்கா கொப்பியை அவர் கையில் திணித்தாள். ஐந்தே நிமிடத்தில் வடை, கேசரி, சம்பந்திகள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் போயாயிற்று. பிலோமினா அக்கா கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல நின்று நிதானமாக, “வெல்கம் டு அவர் ஹோம்” என்றார்.

விருந்தாளிகள் சாப்பிடும்போது எங்கள் வீடுகளில் பொம்பளைகள் உட்கார மாட்டார்கள். அக்காவும் பழக்கத்தில் சுவரோரம் நின்றாள். அந்த அம்மா கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் பாயில் உட்காரவைத்தார். அக்கா தட்டில் ஒரு வடையை வைத்தார். அது தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்து, “பிளீஸ் ஹேவ் சம் மோர்” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். “இதுக்கு என்னாடா சொல்லணும்? நீ சொல்லித் தரலியே?”

“தேங்க்யூன்னு சொல்லு.” சொன்னாள். கண் நிறைய, வாய் நிறைய.

போகிறவர்களுக்கு: பஸ்ஸில் முன் சீட் பிடியுங்கள், கையில் ஒரு எலுமிச்சங்காய் இருக்கட்டும். ஆட்டோவில் பேரம் வேண்டாம். வடக்கத்திச் சம்பந்திகள் வருவதாக இருந்தால் அவர்களின் வழக்கத்தை மருமகளிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள். நேஹா சொல்ல மறந்துவிட்டாளாம், டொமினிக் மூலமாக நூறு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

போன ஞாயிறு அக்கா போன் எடுத்தாள். பையனைப் பெற்றவர்கள் பெண் வீட்டில் சாப்பிடத் தடையே இல்லையாம், டிசம்பரில் லக்னோவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “புதுக் கொப்பி வாங்கிட்டேன் தம்பி. இந்தத் தடவ விருந்தாளி சொல்றத எழுதணும். ‘போதுங்க, வயிறு நெறஞ்சிருச்சு’, அத மொதல்ல சொல்லு.”