மூன்று என்று வந்த தாள்

என் அண்ணன் லிஸ்ப் படிக்க ஆரம்பித்தபோது கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. லிஸ்ப் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. கல்பாக்கத்தில் அவன் எடுபிடியாக இருந்த ஆபீஸில் ஒரு இன்ஜினியர் பழைய பாடத்தாள்களைக் கொடுத்திருந்தார். அண்ணன் பென்சிலால் எழுதுவதை அவரே மெட்ராஸுக்கு எடுத்துப்போய், மிஷினில் ஓட்டி, பதில் அச்சான தாளைக் கொண்டுவருவார்.

முதல் பாடம், பட்டியலில் எத்தனை பேர் என்று எண்ணுவது. முதல் ஆளை எடு, மிச்சத்தை எண்ணு, ஒன்றைக் கூட்டு. ஆள் தீரும்வரை இதேதான். அடைப்புக்குறிக்குள் இங்கிலீஷ் எழுத்தில் அப்பா, அம்மா, அவன், நான் என்று எங்கள் நாலு பேர் பெயரையும் எழுதினான்.

அப்பா கடலுக்குப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. கட்டுமரம் கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. உடலைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள் அம்மா. சதுரங்கப்பட்டினம் குப்பமே அவளைத் திட்டியது. காரியம் செய்யச் சொல்லி மாமா வாராவாரம் வந்து கத்தினார். ஒருநாள் அம்மா அவரிடம் சொன்னாள்:

"புள்ள மெட்ராஸ் மிஷினுக்கு எய்திகினு கீறான். வூட்ல எத்தினி பேருன்னு அது சொல்லுமாம். சொல்லட்டும் அண்ணாத்த, அப்பால பாக்கலாம்."

"மிஷினு இன்னா, கடலுக்குள்ள பூந்து பாத்துச்சா?" என்றார் மாமா.

அண்ணன் அவளைத் திருத்தவில்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பினால் பிரம்படி. வீட்டில் இருந்தது மூன்று பேர். நாலு என்று வந்தால் ஆபீஸில் அண்ணனைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று பயந்தேன். அவன் குளிக்கப் போனபோது முதல் பேரை ரப்பரால் அழித்தேன். இப்போது நினைத்தாலும் அந்த ஒன்பது வயதுப் பெண்ணை ஓங்கி அறையத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து, அவன் எழுதிய தாளும் பதிலும் சேர்ந்து வந்தன. அம்மாதான் முதலில் வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும்.

"மூணு போட்டுகீது," என்றாள்.

"தப்பும்மா. நான் நாலு பேர எய்தனேன்."

"மிஷினுக்கு இன்னாடா நம்ம மேல பகை? பொய் சொல்றதுக்கு."

மாமாவுக்குச் சொல்லியனுப்பு என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அண்ணன் பென்சில் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதான்.

உள்ளேயும் அழுகை கேட்டது. விடை சரியாகத்தானே வந்திருக்கிறது, இதற்குப் போய் ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.