என்ன குழம்பு என்று கேட்கிறவன்

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து, ஏரிக்குக் கீழே நெல் விளைந்த இடத்திலெல்லாம் லேத்தும் பிரஸ்ஸும் விளைந்துகொண்டிருந்த நேரம். கோவில்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலம் என்னைக் கைவிட்ட பிறகு, நானும் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தேன். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தலையில் முடி குறைவு, வயிற்றில் சதை அதிகம், வாயில் பேச்சு அதையும்விட அதிகம். சூப்பர்வைசர் முதுகைத் திருப்பியதும் அவர் நடையை நடந்துகாட்டி நாலு பேரைச் சிரிக்க வைப்பதுதான் கம்பெனியில் எனக்கிருந்த ஒரே மரியாதை.

நான் குடியிருந்த இடத்தை வீடு என்று சொன்னால் வீடு கோபித்துக்கொள்ளும். நிலத்தைப் பேட்டைக்குக் கொடுத்துவிட்ட ஒரு குடியானவ அம்மாள், மிச்சமிருந்த மாட்டுத் தொழுவத்தின் நடுவே சுவர் எழுப்பி ஒரு பாதியை வாடகைக்கு விட்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் எருமை, இந்தப் பக்கம் நாங்கள். வாடகை எங்களுக்கு மட்டும். ஜன்னல் கிடையாது. தலைக்கு மேலே நாட்டு ஓடு. கதவு மட்டும் அவருடைய மாமனார் காலத்துத் தேக்கு. கோட்டைக்குப் போட வேண்டியதை எங்களுக்குப் போட்டிருந்தார்.

நாங்கள் என்றது என்னையும் இன்னொருவனையும். அவன் கீழத்தஞ்சையிலிருந்து வந்தவன், முப்பதுக்குள்தான் இருக்கும். ஊரில் கூலிக்கு நாற்று நட்டவன். இங்கே இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறையில் வேலை. மின்வெட்டுக் காலம் அது. பகலில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்தப் பட்டறைக்காரர்கள் உலையை இரவில்தான் மூட்டுவார்கள். நான் பகல் முழுக்க, ஓவர்டைமும் சேர்த்து. அவன் இரவு முழுக்க. ஒரே பாய். நான் எழுந்த சூடு ஆறுமுன் அவன் வந்து படுப்பான். அவன் எழுந்த பள்ளத்தில் நான் விழுவேன்.

பூட்டுக்கும் ஒரே சாவிதான். இன்னொன்று கேட்டதற்கு வீட்டுக்கார அம்மாள், "இன்னிக்கு ரெண்டாவது சாவி கேப்பே, நாளிக்கி ரெண்டாவது ஊடு கேப்பே" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஏரி மதகடியில், நான் வேலைக்குப் போகும்போதும் அவன் வேலைக்குப் போகும்போதும் சாவி கைமாறும். அவன் முகத்தை நான் பார்த்ததெல்லாம் அந்த மதகடியில்தான். பேச்சும் அவ்வளவுதான்.

"சாப்டாச்சா?"

"ஆச்சுண்ணே."

அவன் தன் பாதையில் போவான், நான் என் பாதையில்.

வந்த புதிதில் அவனுக்கு ஸ்டவ் பற்றவைக்கத் தெரியாது. திரியை ஏற்றி இறக்கவும், பொங்காமல் சோறு வடிக்கவும், பகலில் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுத் தூங்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்ததைவிடக் கேலி செய்ததுதான் அதிகம். ஆனால் கற்றுக்கொண்டான். காலையில் நான் ஆக்கி அவன் பங்கை மூடி வைத்துவிட்டுப் போவேன். மாலையில் அவன் ஆக்கி என் பங்கை மூடி வைத்துவிட்டுப் போவான். இரவில் நான் திரும்பும்போது என் சோறு தயாராக இருக்கும். காலையில் நான் வைத்த பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். இதைவிட ஒழுங்கான கூட்டாளி எந்த லாட்ஜிலும் கிடைக்கமாட்டான் என்று கம்பெனியில் பீற்றிக்கொள்வேன்.

ஒருநாள் மதகடியில் வழக்கத்துக்கு மாறாக ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினான்.

"பகல்ல தூக்கமே வரமாட்டேங்குதுண்ணே. கண்ண மூடுனா உலை எரியுது."

"அப்ப அதுலயே ஒரு டீ போட்டுக் குடிச்சிரு" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று இரவு மட்டும் இருவரும் ஒன்றாக அறையில் இருப்போம். நான் வரும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். பாவம், அசந்து தூங்குகிறான் என்று, பூனை நடை நடந்து சோற்றை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ச் சாப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூக்கம் கெட வேண்டாமென்று பூந்தமல்லிப் பக்கம் ஊர்க்காரர்களோடு சுற்றிவிட்டு வருவேன். அத்தனை நாளும் அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நாளும் மதகடியில் "சாப்டாச்சா", "ஆச்சுண்ணே" என்றுதான் தொடங்கியது. நடுப்பகலில் கரண்ட் போனது. சாயங்காலம்வரை வராது என்று தெரிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷம். கடையில் மசால்வடை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் என் அறைக் கதவு எப்படியிருக்கும் என்று பார்க்கப் போனேன்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் கையில் சாணியோடு வந்தார்.

"இன்னா நைனா, இந்நேரத்துல வந்துகினு கீறே?"

"கரண்ட் இல்லக்கா. இவன் எந்திரிக்க மாட்டேங்கான்."

"நல்லாத் தூங்கட்டும் உடு. ஆமா, நீங்க ரெண்டு பேரும் இன்னா பெரிய ஜமீனா? தெனைக்கும் ஒரு சட்டி சோத்த எம்மாட்டுக்குப் போட்டுகினு கீறான் உன் கூட்டாளி. தின்னுட்டுத் தின்னுட்டு அது உன்னியாட்டம் ஆயிடிச்சி."

வழக்கமாக இதற்கு நான் பதிலுக்கு ஒன்று விட்டிருப்பேன். அன்று மனசு கணக்குப் போட்டது. தினமும் ஒரு சட்டி சோறு. அது அவன் பங்கு. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் என் கண்முன் வந்து நின்றது.

அந்த அம்மாள் கிணற்றடியைப் பார்த்தபடி, "காத்தாலேருந்து கெணத்துக் கயித்த வேற காணோம். எந்தக் கட்டைல போறவன் எத்துகினு போனான்னு தெர்ல" என்றார்.

சொல்லி முடித்ததும் அவரே நிறுத்தினார். கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த சாணி கீழே விழுந்தது.

இப்படி ஒரு நேரத்தில் ஆண்பிள்ளை என்ன செய்வான் என்று கதைகளில் படித்திருப்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கதவுக்கு எதிர்த்திசையில் ஓடினேன். பிறகு எதற்கு ஓடினோம் என்று தெரியாமல், தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்தேன். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன். கதவை நெஞ்சால் மோதினேன். தேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையைப் பார்த்த தெய்வம் அதைப் பெரிய காணிக்கையாக எடுத்துக்கொண்டிருக்காது. கடைசியில் கதவில் வாயை வைத்து, "தம்பி, தூங்குறியா? தூங்குனா தூங்குறேன்னு ஒரு வார்த்த சொல்லு!" என்று கத்தினேன்.

உள்ளே அமைதி. 

அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வறட்டி அடுக்கின் மேல் ஏறி, அங்கிருந்து கூரைக்குத் தாவினேன். ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்குவதாகத் திட்டம். பிரிக்கும் வேலையே வைக்கவில்லை என் உடம்பு. இரண்டு அடி தவழ்ந்ததும் சட்டென்று ஓடு நொறுங்கி, வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. மறுகால் மடங்கி வெளியே. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. உடைந்த ஓடு காலை அறுக்கிறது. சட்டைப் பையிலிருந்த மசால்வடையைக் கண்டு இரண்டு காக்கைகள் வந்து என் தோளிலேயே உட்காரப் பார்க்கின்றன. கீழேயிருந்து அந்த அம்மாள், "யோவ் தொப்பே! ஆடாதய்யா! ஆடாதே!" என்று அழுதுகொண்டே திட்டுகிறார். உள்ளே தொங்கும் கால் எதில் படுமோ என்று பயந்தேன். காலை மடக்கிக்கொள்ளவும் முடியவில்லை. அழுதேன். காக்கைகளுக்கு முன்னால் அப்படி அழுதவன் அம்பத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது என் பாதத்தை ஒரு கை பிடித்தது.

சூடான கை.

"அண்ணே, ஆடாதீங்க. ஓடு அறுத்துரும்."

அவன் குரல்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அத்தனை தட்டலுக்கும் கத்தலுக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தவன், என் கால் ரத்தம் தரையில் சொட்டியதும் எழுந்து வந்துவிட்டான். கூரை தாழ்ந்த அந்த ஓரத்தில் மண்டியிட்டு என் பாதத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான்.

"கதவத் தெறடா, தம்பி."

"நான் நகந்தா நீங்க விழுந்துருவீங்கண்ணே."

"விழுந்தாப் பரவால்ல, தெற!" என்றேன். அவன் தோள் லேசாக நகர்ந்தது. "அய்யோ, விட்டுறாத!" என்றேன். உயிர்போகிற நேரத்திலும் என் பேச்சு இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

 பிறகு ஏதோ இழுபடுகிற சத்தம். தோளை எடுக்காமலே ஒரு கையால் என் டிரங்குப் பெட்டியை இழுத்து, என் காலுக்கடியில் செங்குத்தாக நிறுத்தி, பாதத்தை அதன்மேல் ஊன்றிவிட்டான். அதன் பிறகுதான் தாழ்ப்பாள் திறந்தது.

உள்ளே முதலில் நுழைந்தவர் வீட்டுக்கார அம்மாள். அங்கே என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் தன் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார். கிணற்றில் ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. நிறைகுடத்தோடு திரும்பி வந்து அவன் முகத்தைக் கழுவிவிட்டார். அதற்குள் நான் கூரையிலிருந்து பாதி சறுக்கி, பாதி விழுந்து உள்ளே வந்திருந்தேன்.

வெளிச்சத்தில் அவனைப் பார்த்தேன். சட்டைக்குள் ஆளே இல்லை. கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரே பாயில் படுக்கிறவன் இத்தனை இளைத்தது எனக்குத் தெரியவில்லை.

ஸ்டவ் பக்கத்தில் ஒரு சட்டி மூடி வைத்திருந்தது. திறந்தேன். சோறு. பக்கத்தில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. என் ராத்திரிச் சாப்பாடு. மாலையில் ஆக்க வேண்டியதை, அன்று மட்டும் நடுப்பகலுக்கு முன்பே ஆக்கி முடித்து, எறும்பு வராமலிருக்கத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்திருந்தான். முதலில் எனக்குச் சோறு. அதற்கப்புறம்தான் மற்றது.

எனக்குக் கால் வலி அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது.

அந்த அம்மாள் அந்தச் சட்டியை அவன் முன்னால் தள்ளினார். "துண்ணு. எம்மாட்டுக்கு ஆக்கிப்போடவா உன்னிய ஊட்ல வெச்சேன்? நான் பாக்கச் சொல்லோ துண்ணு." அவன் முதல் கவளத்தை விழுங்க நெடுநேரம் ஆனது. கடன் தொல்லையா, பெண் விவகாரமா, ஊரில் ஏதாவது சாவா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டி இல்லை என்றான். "ஒண்ணுமில்லண்ணே. தூங்கணும். தூக்கம் வல்ல. பசியும் வல்ல. யார்ட்ட சொல்றதுன்னு தெரியல."

மறுநாள் கீழ்ப்பாக்கம் மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கீழ்ப்பாக்கம் என்று ஊர்ப்பெயரைச் சொல்லியே ஆளைக் கிண்டல் செய்கிற காலம் அது. நானும் நிறையச் செய்தவன்தான். அன்று பஸ்ஸில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மாத்திரை எழுதினார். இரவு வேலை கூடவே கூடாது என்றார். பட்டறையில் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு இரவில்தான் உலை. இரவுக்கு ஆகாத ஆள் எதற்கும் ஆகாத ஆள். அன்று சாயங்காலமே அவன் இடத்தில் வேறொருவன் நின்றான்.

நானே ரயிலேற்றி ஊருக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே அவன் மனைவி நின்றிருந்தது. அவன் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எல்லாரும் கேட்பதைத்தான் கேட்டது.

"சாப்டீங்களா?"

"ஆச்சு" என்றான் அவன்.

வழியெல்லாம் பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தான்.  அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, "அப்படிக் கேக்காதம்மா. என்ன சாப்பிட்டீங்கன்னு கேளு. என்ன கொழம்பு, என்ன காயின்னு கேளு. எதிர்ல உக்காந்து கேளு" என்றேன். என் வாழ்நாளில் சிரிக்காமல் சொன்ன புத்திமதி அது ஒன்றுதான்.

அவன் முழுக்கத் தேறிவிட்டான் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. உயிரோடு இருக்கிறான். வயலுக்குப் போகிறான். சில மாதம் நன்றாக இருக்கிறான், சில மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான் என்று ஊர்ப்பக்கம் போய் வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

அம்பத்தூரில் அதன்பிறகு என் பாயைப் பங்குபோட வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சாவி மட்டும் அதே மதகடியில் கைமாறியது. ஆனால் நான் யாரையும் சாப்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டேன். "இன்னிக்கி என்ன கொழம்பு?" என்பேன். சோற்றுக்கு அலைகிறான் பார் என்று இன்றைக்கும் கம்பெனியில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும். சாப்பிட்டவன் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவான். பதில் வரக் கொஞ்சம் தாமதமானால், என் வலது தொடையில் ஓடு கிழித்த தழும்பு சுருக்கென்று வலிக்கும். வேலைக்கு மணியாகிவிட்டாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.