ஒதுக்கு என்று சொன்னேன்

1. தேர்வு நடக்கவிருந்த நாளின் காலையில், ஒத்திகை பார்க்கும்போதே எங்கள் பயிற்சிக்கூடத்துக் கணினிகள் ஒவ்வொன்றாக உறைந்து நின்றன.
2. நான் அப்போது அங்கே இல்லை. அடி அண்ணாமலையில், வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.
3. அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் வண்டியை வெளியே எடுக்க முடியாது.
4. தொலைபேசியில் ஒரு சொல் சொன்னேன்.
5. அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமானது.

பயிற்சிக்கூடம் வேங்கிக்காலில், புது வீடுகளுக்கு நடுவே ஒரு மாடியில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கணினி கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஆள் எடுப்பதற்காக ஒரு வெளியூர் நிறுவனம் அன்று பிற்பகல் எங்கள் கூடத்தில் இணையத் தேர்வு வைத்திருந்தது. இந்த ஊருக்குப் பௌர்ணமி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. தேர்வு நடுவில் கணினி நின்றால் அதுவரை எழுதியது போய்விடும், மறுபடி எழுத விடமாட்டார்கள்.

எல்லோருக்கும் அது முக்கியம்தான். எனக்கு ஒருத்தியைப் பற்றித்தான் கவலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவள். செருப்புக் கம்பெனி வேனில் ஏறுவதை நிறுத்திவிட்டு எங்களிடம் படிக்க வந்தவள். இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடி அதே வேனில் ஏறுவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த கணினிதான் முதலில் நின்றது.

எங்கள் கணினிகள் பழையவை, நினைவகம் கம்மி. உள்ளே ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு கிடையாது. எல்லாம் அடுத்த அறையிலிருக்கும் சர்வரிலிருந்து கேபிள் வழியாக வருகிறது. நினைவகம் நிரம்பினால், அப்போதைக்குத் தேவைப்படாத தகவல்களைப் பக்கம் பக்கமாகக் கணினி சர்வருக்கு அனுப்பிவிட்டு இடம் பண்ணிக்கொள்ளும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். சிக்கல் என்னவென்றால், ஒரு பக்கத்தை வெளியே அனுப்பவும் கொஞ்சம் நினைவகம் வேண்டும். வந்து சேர்ந்தது என்று சர்வர் சொல்லும் பதிலை வாங்கவும் வேண்டும். முழுக்க நிரம்பிய பிறகு அந்தக் கொஞ்சமும் இருக்காது. இடம் கிடைத்தால்தான் அனுப்பலாம், அனுப்பினால்தான் இடம் கிடைக்கும். கணினி அப்படியே நிற்கும். பிழைச்செய்திகூட வராது.

தொலைபேசியில் பேசியது என் தோழி. அங்கே பாடம் எடுப்பவள். கணினியின் உள்வேலை என் பொறுப்பு.

"இன்னாடி இது, அஞ்சு மெஷினு செத்துப் போச்சு. மவுஸுகூட நவுரல."

"ரீஸ்டார்ட் பண்ணு. பண்ணிட்டு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் மெமரிய ஒதுக்கிடு."

"எவ்ளோ?"

அளவைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள். நான் நடக்க ஆரம்பித்தேன்.

கிரிவலப் பாதையில் நம் வேகத்தில் நடக்க முடியாது, கூட்டத்தின் வேகம்தான். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் கைகோத்து, பாதையின் பாதி அகலத்துக்குப் பரவிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் நின்றால் நானும் நின்றேன். ஓரமாக ஆம்புலன்ஸுக்கென்று கயிறு கட்டி ஒரு வழி விட்டிருந்தார்கள். அது காலியாகக் கிடந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்ற தன்னார்வலரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணா, ரொம்ப அவசரம். இப்படியே போயிடறேன்."

"எல்லாருக்குந்தாம்மா அவசரம். உன்ன வுட்டா பின்னாடியே நூறு பேரு வருவான். போ, போ, சாமிய நெனச்சிக்கினு நட."

கோபம் வந்தது. அவசரத்துக்கென்று ஒரு வழியை யாருக்கும் விடாமல் காலியாக வைக்கும் அவருடைய விதியைத்தான் நான் என் கணினிகளிடம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை.

மறுபடி தொலைபேசி.

"இப்போ ஜாஸ்தி மோசம்டி. தொறந்த ஒடனே நிக்குது."

"ஒதுக்கினியா இல்லையா?"

"ஒதுக்கிட்டேன்டி. நீ சொன்ன அளவு மொத்தத்தையும் தேர்வு சாப்ட்வேருக்கு ஒதுக்கிட்டேன். செட்டிங்ஸ்ல போயி ஏத்தி வுட்டேன்."

நான் நடுப்பாதையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் குதிகாலை மிதித்தார்.

"அதுக்குக் குடுக்க சொல்லல. யாருக்கும் குடுக்காம ஒதுக்கி வைன்னு சொன்னேன்."

"ஒதுக்கறதுன்னா குடுக்கறதுதானே? இட ஒதுக்கீடுன்னா இன்னா, யாருக்கும் தராம பூட்டி வெக்கறதா?"

"மீன் திங்கும்போது முள்ள ஒதுக்கறோம் இல்ல, அந்த ஒதுக்கு."

"பௌர்ணமியும் அதுவுமா கிரிவலத்துல நின்னுகினு மீனப் பத்தி பேசுற. உருப்படுமா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள்மேல் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் ஒதுக்கு என்றால் எடுத்துக் கொடு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒதுக்கு என்றால் தொடாமல் தனியே வை. நான் வீட்டுச் சொல்லைச் சொன்னேன், அவள் பாடச்சொல்லைக் கேட்டாள்.

ஏற்றிவிட்டதை இறக்கச் சொன்னேன். அவள் தொலைபேசியை வைப்பதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. கீழ்பென்னாத்தூர்ப் பெண்.

"மிஸ், அக்கா வந்துருவாங்களா?"

"வந்துகினே இருக்கா. நீ போயி தண்ணி குடி."

வியர்த்து ஊற்றிக்கொண்டு நான் மாடியேறியபோது தேர்வு எழுத எல்லோரும் வந்திருந்தார்கள். வழி நெடுக மனதுக்குள் போட்டு வைத்திருந்த பட்டியலின்படி வேலையைத் தொடங்கினேன்.

முதலில், ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு பகுதியை யாரும் தொடாத இருப்பாக வைத்தேன். ஆனால் அது மட்டும் போதாது. அந்த இருப்பை எதற்காகத் தொடலாம் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். எங்கள் கணினிகளுக்குத் தெரியவில்லை. நான் சேர்வதற்கு முன்பே யாரோ சர்வரிலிருந்த ஸ்வாப் கோப்பின்மேல் ஒரு போலி வட்டை மாட்டி வைத்திருந்தார்கள். கணினி தன் சொந்த வட்டில் எழுதுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. பின்னால் கேபிள் இருப்பது தெரியாததால், அந்தக் கேபிள் வேலைக்கு இருப்பிலிருந்து எதையும் கொடுக்கவில்லை.

போலி வட்டைக் கழற்றினேன். ஸ்வாப் கோப்பை நேராகச் சர்வர் வழியாகவே இணைத்தேன். இப்போது இடம் தீர்ந்தால், ஸ்வாப்புக்கான போக்குவரத்து மட்டும் இருப்பைத் தொடும். கேபிளில் வரும் தகவல் பொட்டலம் யாருடையது என்று பிரிக்காமல் தெரியாது. அதனால் கணினி அதை வாங்கிப் பார்த்து, ஸ்வாப்புடையது இல்லையென்றால் அந்த இடத்திலேயே கீழே போட்டுவிடும். வேண்டுமென்றால் அனுப்பியவர் மறுபடி அனுப்பட்டும்.

முழு ஒத்திகைக்கு நேரமில்லை. ஒரே ஒரு கணினியை வேண்டுமென்றே நிரப்பிப் பார்த்தேன். திரை திணறியது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு சுட்டி மெல்ல நகர்ந்தது.

"அக்கா, நடுவுல நிக்காதுல்ல?" என்று கேட்டாள் கீழ்பென்னாத்தூர்ப் பெண்.

"லேட்டாகும். நிக்காதுன்னு நெனக்கிறேன். ரெண்டு தடவ க்ளிக் பண்ணாத."

தேர்வு தொடங்கியது. கதவருகே என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒருமுறை அவள் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரை அசையாமல் இருந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வி வந்தது. கை மறுபடி மேசைக்குப் போனது.

இப்போதைய நிலவரம் இது. எந்தக் கணினியும் நிற்கவில்லை. அவள் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எழுதினாள், விடைகள் போய்ச் சேர்ந்துவிட்டன. முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை அவள் வேனில் ஏற வேண்டியதில்லை. சர்வரே நின்றால் என்ன ஆகும் என்பதை நான் இன்னும் சோதிக்கவில்லை.