துவாய்க்குள் ஒளித்த மாதா

மாதா சுரூபத்தைக் குளியல் துவாயில் சுற்றினாள் செபமாலைமுத்து. ஷெல்லடிக்குள் மடுக் கோயிலிலிருந்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த மாதா. ஜெர்மன் அகதி முகாமில் கட்டிலுக்கடியில் இருந்தவள். கணவர் மாரடைப்பில் போனபின், லண்டன் ஸ்ட்ரெதமில் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலையும் சனி ஞாயிறுகளில் ரோல்ஸ் பொரித்துக் கொடுக்கும் ஓடருமாக ஒரே மகள் கோசிகாவை ஆளாக்கிய காலமெல்லாம், தான் அழுத அழுகையைப் பார்த்த ஒரே சாட்சி. அந்த முகத்தை இன்றைக்கு அவளே மூடினாள்.

எல்லாம் மகளின் கலியாணத்துக்காகத்தான். கோசிகா விரும்பிய காலேப் டென்னசிக்கார அமெரிக்கன், லண்டனில் வேலை. அவனுடைய தாய் ஷெரில் முதன்முறையாகச் சாப்பிட வருகிறாள். அவர்கள் ஊர்ச் சபை எப்படியென்று செபமாலைமுத்து போனில் தேடிப் பார்த்திருந்தாள். தேசக்கொடிக்கு முன்னால் நின்ற ஒரு போதகர், சிலை வணங்குகிறவர்களும் எல்லை தாண்டி வருகிறவர்களும் நாட்டைக் கெடுக்கிறார்கள் என்று முழங்கினார். சபை எழுந்து கைதட்டியது. அந்த இரண்டு குற்றமும் தன் தலையில்தானே! சம்பந்தம் முறிந்தால் பிள்ளை தாங்குவாளா?

"நீங்கள் டூ மச் அம்மா," என்றாள் கோசிகா. "குசினியில தொங்கின பிள்ளையார் எங்க?"

வெம்பிளித் தமிழ்க் கடையில் சும்மா கொடுத்து, சமையலறையில் மாட்டிய பிள்ளையார் கலண்டர் அது.

"அவர் கட்டிலுக்குக் கீழ. மாதா துவாய் அலமாரிக்குள்ள. நீ வாயைத் திறக்காதை."

இரும்பு மனுஷியை எதிர்பார்த்தவளுக்கு, வாசலில் மெலிந்த ஒரு பெண் பை நிறையப் பலகாரத்தோடு நின்றது ஏமாற்றமாகவே இருந்தது. காலேப்போடு உள்ளே வந்த ஷெரிலின் கண் நேரே சுவர்த் தட்டுக்குப் போனது. வெறும் தட்டு. அதன்மேல் மாதாவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டாள்.

மேசையில் அமர்ந்ததும், விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையாக, சாப்பாட்டு ஜெபத்தை ஷெரிலே சொல்ல வேண்டுமென்று செபமாலைமுத்து கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண் கைகளைக் கூப்பினாள், வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. சட்டென்று கதிரையைத் தள்ளிவிட்டுக் குளியலறைப் பக்கம் போய்விட்டாள். காலேப் முகம் சிவந்து சாப்பாட்டுத் தட்டையே பார்த்தான். எல்லாம் போச்சு என்று நினைத்தாள் செபமாலைமுத்து.

திரும்பி வந்த ஷெரிலின் கையில் துவாய், துவாய்க்குள் மாதா. முகம் துடைக்க எடுத்தேன், இவர் வந்துவிட்டார் என்றவள், நின்றபடியே அழத் தொடங்கினாள். முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள் அவள். தேர்தல் காலத்தில் பிரசங்க மேடையில் இயேசுவைவிட வேட்பாளரின் பெயரே அதிகம் கேட்டது. ஏன் என்று எழுந்து கேட்டாள். அதன்பின் ஆராதனையில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. கூடப்பிறந்த தங்கையும் போன் எடுப்பதில்லை. அந்தச் சபையையே விட்டுவிட்டாள். இந்த வீட்டார் பக்தியானவர்கள், எந்தச் சபை என்று கேட்டால் என்ன சொல்வது என்று விமானத்தில் தூங்கவேயில்லையாம். பொய்யாக ஜெபிக்க வாய் வரவில்லையாம்.

செபமாலைமுத்துவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருட லண்டன் ஆங்கிலமும் மறந்துபோனது.

"அவவுக்குச் சொல்லு பிள்ளை, நான் அவவுக்குப் பயந்துதான் மாதாவை ஒளிச்சனான் எண்டு."

கோசிகா சொல்லச் சொல்ல ஷெரிலின் முகம் மலர்ந்தது. ஆனாலும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. "கலியாணத்தன்று உங்கள் மாதா கோயிலில் எனக்கு இடம் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டாள்.

"முதல் வரிசை வாங்கில, எனக்குப் பக்கத்தில," என்றாள் செபமாலைமுத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. மொழிபெயர்ப்புக்கு ஷெரில் காத்திருக்கவில்லை, தலையாட்டினாள்.

ஜெபத்தைச் செபமாலைமுத்துவே தமிழில் சொன்னாள். ஆமென் முதலில் ஷெரிலிடமிருந்துதான் வந்தது. ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை. மாதாவைச் சுவர்த் தட்டில் ஏற்றிவிட்டு வந்த காலேப், பிள்ளையாரையும் மாட்டட்டுமா என்று கேட்டான்.

அது இவனுக்கு எப்படித் தெரியும் என்று செபமாலைமுத்து மகளைத் திரும்பிப் பார்க்க, கோசிகா ஒன்றும் தெரியாதவள்போல இன்னொரு ரோல்ஸ் எடுத்தாள்.