பட்டரில் வைத்த குங்குமம்

நான் புல் வெட்டுகிறவள். புத்தூரைத் தாண்டித் திருப்பதிப் பக்கம், கம்பெனி அதிகாரிகள் ஆடுவதற்காகப் போட்ட ஒரு கோல்ஃப் மைதானத்தில் எட்டு வருஷமாக வேலை. ஒன்பது குழி. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பாய் விரித்தாற்போல வழவழவென்று ஒரு புல்தரை இருக்கும், அதைக் கிரீன் என்பார்கள். அந்த ஒன்பது கிரீனையும் விடிகாலையில் வெட்டி, தண்ணீர் விட்டு, விழுந்த இலையைப் பொறுக்குவது ஏழு பெண்களின் வேலை. எட்டு மணிக்கு மேல் நாங்கள் அந்தப் புல்லில் நிற்கக் கூடாது. ஆடுவது என்கிற பேச்சே கிடையாது. வளர்த்தவளுக்கு மிதிக்க உரிமை இல்லாத புல் அது.

இதை எழுதும்போதே எனக்குச் சூடேறுகிறது. ஏறட்டும். ஆறின பிறகு எழுதினால் பொய்யாகிவிடும்.

என்னோடு வேலை செய்கிறவள் ஒருத்தி, நாகலாபுரத்துக்காரி. அவள் வாய்க்காகவே நான் அவள் பக்கத்தில் வேலை கேட்டு வாங்கினேன். மனிதர்கள் பேச்சு வாக்கில் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்குப் பழக்கம். படித்தது எட்டாவது, மிச்சமெல்லாம் காதில் விழுந்தது. முதல் நாள் கோல்ஃபைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இன்னாக்கா ஆட்டம் இது? ஒரு முட்டைய உருட்டிக்கினே போயி பொந்துல உட்டுட்டு, அதையே திரும்ப எடுத்துக்கினு வர்றானுங்க. அதுக்கு ஒரு தொப்பி வேற."

எனக்கும் முதலில் சிரிப்புதான். ஆனால் ஒரு நாள் வேலிக்கு வெளியே வந்து விழுந்த பந்தை, கைப்பிடி ஒடிந்து தூக்கிப் போட்டிருந்த கோல் ஒன்றால் திருப்பி அடித்தேன். பந்து சரியாகக் கோலில் படும்போது ஒரு சத்தம் வரும். கையில் எதுவுமே தெரியாது; சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன். அந்நிய நாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது, தன் பழைய பையையும் அதிலிருந்த ஐந்து கோல்களையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான் அடிப்பதைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நான்கு வருஷம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால், முள்ளுச் செடி நடுவே அடித்துப் பழகினேன். நானே வெட்டிய கிரீனில் ஒரு பந்தைக்கூட உருட்டியதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செக்ரட்டரி பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். விஜயதசமி அன்று போட்டி. கம்பெனி ஆபீஸ்காரர்களோடு மைதான வேலையாட்களும் சேரலாம். ஜெயிக்கிறவர் ஒரு வருஷம் முழுக்க, எந்த நாள் காலையிலும் மற்றவர்கள் ஆட வருவதற்கு முன், எட்டு மணி வரை அந்த மைதானத்தில் ஆடிக்கொள்ளலாம்.

எனக்கு அது வேண்டியிருந்தது. கோப்பை இல்லை, கைதட்டல் இல்லை. வெட்டிய புல்லின் மேல் நின்று ஒரு வருஷம் ஆடும் உரிமை. அதை நினைத்து நான் தூங்காமல் கிடந்ததுண்டு. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால், ஆபீஸ்காரர்களுக்கு மனசை அடக்கக் கற்றுக்கொடுக்க பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சிக்காரர் வந்தார். கோல்ஃப் என்பது பாதிக்கு மேல் தலைக்குள் ஆடுகிற ஆட்டமாம். நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டேன். அடித்த அடியை மற, அடுத்த அடியை மட்டும் பார், கோபம் வந்தால் நின்று ஒரு மூச்சு இழு, கோபத்தோடு எதையும் செய்யாதே என்றார். இலவசமாகக் கிடைத்த பாடம். அன்றைக்கு நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. புல் வெட்டும் மெஷின், அரிவாள், மண்வெட்டி, தண்ணீர் பைப் எல்லாவற்றையும் கழுவி மோட்டார் ரூம் முன்னால் வரிசையாக வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டினோம். என் ஐந்து கோல்களையும் அந்த வரிசையில் சாத்தி வைத்தேன். அவற்றில் ஒன்று பட்டர். கிரீனில் பந்தை உருட்டுவதற்கான தட்டைத் தலைக் கோல். அதற்கு மட்டும் பெரிய பொட்டாக, பந்து படுகிற முகத்திலேயே வைத்தேன். பூஜையில் வைத்த பொட்டை நாங்கள் கையால் துடைப்பதில்லை. மெஷினில் வைத்தது புழுதியில் போகும், பைப்பில் வைத்தது தண்ணீரில் போகும். வேலையில் தேய்ந்து அதுவாகப் போக வேண்டும். அதனால் மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு அப்படியே போனேன்.

என்னோடு சேர்ந்து ஆடியவர் ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். அதிகாரி. தமிழ்க்காரர்தான், வேலைக்காகத் திருப்பதியில் குடியிருக்கிறார். தீபாவளிக்கு எங்கள் ஏழு பேருக்கும் ஸ்வீட் பெட்டி கொடுப்பவர். "அக்கா" என்று கூப்பிடுவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். கெட்டவனாக இருந்திருந்தால் முதலிலிருந்தே பார்த்து நடந்திருப்பேன்.

முதல் குழியில் எனக்குப் பயம். எட்டு தரம் அடித்துத்தான் பந்து உள்ளே போனது. எல்லாரும் பார்க்கிறார்கள், பை பழசு, காலில் ரப்பர் செருப்பு. மூச்சை இழுத்தேன். இரண்டாவது குழியில் பந்து சொன்னபடி கேட்டது. இரண்டு தரம் உருட்டினேன், உள்ளே போனது. அவர்தான் குனிந்து குழியிலிருந்து என் பந்தை எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் பந்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சூப்பர்க்கா" என்றார். நான் பூரித்துப் போனேன். மடச்சி.

மூன்றிலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது. மற்றவர்கள் கிரீனில் உட்கார்ந்து, எழுந்து, ஒரு கண்ணை மூடி எந்தப் பக்கம் சரிவு என்று பார்த்தார்கள். நான் ஆறு வருஷமாக அந்த ஒன்பதுக்கும் தண்ணீர் விட்டவள். பைப்பைப் போட்டால் தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் போகும் வழியில் பந்து போகும். அவ்வளவுதான் வித்தை. கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் ஜெயித்தவர். ஒன்பதாவது குழியில் என் கடைசிப் பந்து விழுந்தபோது எனக்கு நாற்பத்தாறு, அவருக்கு நாற்பத்தேழு. மற்றவர்கள் எல்லாம் ஐம்பதுக்கு மேல்.

வேலி ஓரமாக நின்ற ஆறு பெண்களும் கத்தினார்கள். நாகலாபுரத்துக்காரி விசில் அடித்தாள். "எங்க அக்கா முட்டைய உருட்டிட்டாடா!"

மேசைக்கு வந்தோம். செக்ரட்டரி சித்தூர்க்காரர், வயசானவர்; தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். கணக்கு எழுதிய அட்டையில் அவர் கையெழுத்துப் போடப் போனார். அப்போது ஹெச்.ஆர். அதிகாரி ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"சார், அடிக்கிற கிளப் முகத்துல எதுவும் பூசக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கில்ல? சும்மா கேக்குறேன்."

சும்மா கேக்குறேன். நான் சேர்த்து வைத்த பேச்சுகளிலேயே எனக்கு அருவருப்பானது இதுதான். எவனும் சும்மா கேட்பதில்லை.

செக்ரட்டரி என் பட்டரை வாங்கித் திருப்பினார். சந்தனம் தேய்ந்திருந்தது. குங்குமம் பாதி இருந்தது.

"ஏமம்மா, இன்னா இது செவப்பு?"

"குங்குமம் சார். நேத்து பூஜைல வெச்சது."

அவர் போனை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விதியைத் தேடிப் படித்தார். இங்கிலீஷில் முனகினார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தள்ள மனசில்லை. அதை இப்போதும் சொல்வேன்.

"பந்து போற விதத்த மாத்தணும்னு நெனச்சி பூசியிருந்தாதான் தப்பு. ஏதோ ஒட்டிக்கினு இருந்தா ஒண்ணுமில்ல. நீயே செப்பும்மா. எதுக்கு வெச்ச?"

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் மனிதர். "சும்மா வெச்சேன் சார்" என்று ஒரு வார்த்தை. உள்ளே போயிருக்கலாம். ஆனால் எனக்கு அதற்குள் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பூஜையில் வைத்த பொட்டைப் பற்றி இந்தக் கூட்டத்துக்கு நான் சமாதானம் சொல்ல வேண்டுமா? சாமிக்கு முன்னால் வைத்ததைச் சும்மா என்பதா?

"சும்மா வெப்பாங்களா சார் பூஜைல? பந்து நேரா போவணும், குழியில உழணும்னு வேண்டிக்கினுதான் வெச்சேன். வேற எதுக்கு வெப்பாங்க?"

வேலிப் பக்கமிருந்து, "அய்யய்யோ, வாய மூடுக்கா" என்று ஒரு குரல் வந்தது. வந்து என்ன பிரயோஜனம்.

செக்ரட்டரி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நீயே அப்படி செப்பினா நான் இன்னா பண்றது?"

நாகலாபுரத்துக்காரி வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். "சார், நேத்து உன் காரு நாலு சக்கரத்துக்கும் கீழ எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கினியே, அது எதுக்கு? காரு நல்லா ஓடணும்னுதானே? அப்ப அதுக்கு லைசென்ஸ புடுங்கிடுவாங்களா?"

"நிம்மகாய வேற, ரூல் வேற. நீ அவதல போம்மா, அந்தப் பக்கம்."

"எப்பிடி சார் வேற? செவப்பு வெச்சா தப்பு, மஞ்சள நசுக்கினா சரியா?"

ஆபீஸ்காரர்கள் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முடிந்துபோனது. என் பெயருக்கு மேல் ஒரு கோடு. ஒரு வருஷத்து அனுமதி நாற்பத்தேழுக்குப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். பயிற்சிக்காரர் சொன்ன மூச்சை ஒன்பது குழியிலும் இழுத்தேன். அந்த ஒரு கேள்விக்கு முன்னால் இழுக்கவில்லை. இழுத்திருந்தால் ஜெயித்திருப்பேன். ஆனால் அந்தப் பாடத்தின் மேலும் எனக்கு இப்போது கோபம்தான். கோபப்படாதே என்று மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கேள்வி கேட்பவனுக்குக் கோபம் எதற்கு வரும்? பதில் சொல்ல வேண்டியவளுக்குத்தான் வரும்.

ஒரு வாரம் எனக்கு அந்தக் கட்டைவிரல் ஞாபகத்துக்கு வரவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் இரண்டாவது கிரீனை வெட்டும்போது, குழி பக்கத்தில் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டேன். பந்தைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சிவப்பு.

அன்று சாயங்காலமே கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். "சார், நீங்க ரெண்டாவது குழியிலயே பார்த்துட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் தேவலை.

"பார்த்தேன்க்கா. பொய் சொல்ல மாட்டேன். அப்பவே சொன்னா தொடச்சிருப்பீங்க. அதான் சொல்லல."

"அப்ப ரூலு மேல அக்கறை இல்ல உங்களுக்கு."

"கேம்னா அப்படித்தான்க்கா. நான் தோத்துட்டா வெச்சிக்கலாம்னு ஒரு சீட்டு. மனசுல வெச்சுக்காதீங்க. வேணும்னா நான் ஆட வரும்போது பை தூக்க வாங்க, மைதானத்துல நடந்த மாதிரியும் ஆச்சு."

பெருந்தன்மை! என் புல்லில் நான் நடக்க, அவருடைய பை அனுமதிச் சீட்டு. "உங்க பைய நீங்களே தூக்குங்க சார்" என்றேன். அன்றைக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் புத்தூர் வரும்வரை இன்னும் நூறு பதில்கள் வந்தன. நல்ல நல்ல பதில்கள்.

அந்த வருஷம் முழுக்க, அந்த அனுமதியில் விடிகாலை ஆட அவர் வந்தது நான்கே தடவை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விடிந்து, பனி காயாமல், ஒன்பது கிரீனும் ஒரு காலடிகூடப் படாமல் கிடக்கும். ஆட ஆள் இருக்காது. நான் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. நிஜமாகவே அந்த இடத்தில்தான் எரிகிறது.

நான்காவது தடவை மார்கழியில் வந்தார். கூட மேலதிகாரி ஒருவரைக் கூட்டி வந்திருந்தார், காட்டிக்கொள்ள. ஏழாவது கிரீனில் பந்தை வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். பிறகு ஓரத்தில் நின்ற என்னிடம் திரும்பினார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா. இது எந்தப் பக்கம் போகும்?"

அங்கே தண்ணீர் வலது பக்கம் ஓடும். ஓடி, நேராக மணல் பள்ளத்தில் இறங்கும். தினமும் பார்க்கிறேன்.

"எடது பக்கம் சார். நல்லா வலப்பக்கமா தள்ளி உடுங்க" என்றேன்.

விட்டார். பந்து குழியை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிரீனை விட்டு இறங்கி மணலுக்குள் போய் நின்றது. மேலதிகாரி வேறு பக்கம் பார்த்து இருமினார். இவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்:

"தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான் சார்."

அவர் பள்ளத்தில் இறங்கினார். நான்கு தரம் மணலை வாரி இறைத்துப் பந்தை வெளியே எடுத்தார். அவர்கள் எட்டாவது குழிக்குப் போன பிறகு, அவருடைய காலடிகளையும் அவர் தோண்டிய குழிகளையும் நான் இறங்கிச் சமப்படுத்தினேன். அதுவும் என் வேலைதான்.